கிளப்புக்கு டிஃபிப் வாங்க அரசு கிராண்ட்: விண்ணப்பம் எங்கே இடிக்கும், எந்த மாடல், எங்கே மாட்டுவது?

கவர்_டிரைவ்

வணக்கம். சிட்னி மேற்குப் பக்கம் ஒரு கிரிக்கெட் கிளப். சீனியர் நாலு டீம், ஜூனியர் ஆறு. கவுன்சில் மைதானம். ரெண்டு ஓவல், ஒரு ஓரத்தில் ஒரே பெவிலியன். குளிர்காலத்தில் அதே இடம் ஃபுட்டி (ஃபுட்பால்) கிளப்புக்குப் போயிடும். திடீர்னு இதயம் நின்னவருக்கு மின்னதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் டிஃபிப் கருவி ஒண்ணு அங்கே வைக்கணும்.

நியூ சவுத் வேல்ஸ் ஆஃபீஸ் ஆஃப் ஸ்போர்ட் கொடுக்கும் லோக்கல் ஸ்போர்ட் டிஃபிபிரிலேட்டர் கிராண்டுக்கு அடுத்த சுற்றில் போடலாம்னு கமிட்டி முடிவு. விண்ணப்பத்தில் எங்கே மாட்டிக்குவோம்? எந்த மாடல்? பெவிலியன் உள்ளேயா, வெளிச்சுவரா? வாங்கின பிறகு ஆகும் செலவு என்ன? கமிட்டியில் முக்கால்வாசி நேரம் மாடல் சண்டையிலேயே போகுது.

ஸ்மார்ட்டிகிராண்ட்_சாமி

மாடலைக் கடைசியில் பாருங்க. விண்ணப்பம் விழுறது மாடலால் இல்லை, காகிதத்தால்.

இந்தத் திட்டம் 2017இல் தொடங்கினது. நடந்த சுற்றுகளில் ஒரு கிளப்புக்கு உச்சவரம்பு 3,000 டாலர். கிளப் கைக்காசு எவ்வளவு போடணும், யாரிடம் வாங்கலாம், கருவியை வைக்கும் சுவர்ப் பெட்டியும் பயிற்சியும் கணக்கில் வருமா என்பது அந்தந்தச் சுற்றின் வழிகாட்டியில் இருக்கும். போன வருஷத்து பி.டி.எஃப்.ஐ வெச்சு எழுதாதீங்க. கடைசித் தேதி வரை திறந்திருக்கும்னு உட்காரவும் வேண்டாம். சில கிராண்டுகளில் பணம் தீர்ந்ததும் கதவு சாத்திடுவாங்க.

படிவத்தைத் திறக்கும் முன்னாடி கையில் இருக்க வேண்டியவை:

கிளப்பின் இன்கார்ப்பரேஷன் சான்றிதழ். அதில் உள்ள பெயரும் ஏ.பி.என். (ஆஸ்திரேலிய வணிக எண்) பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். ஸ்மார்ட்டிகிராண்ட்ஸ் என்ற இணைய விண்ணப்பத் தளத்தின் படிவத்தில் ஏ.பி.என். போட்டதும் பிசினஸ் ரெஜிஸ்டரிலிருந்து பெயரைத் தானே இழுத்துக்கும். அங்கே ஏ.பி.என். ரத்தாகிக் கிடந்தாலோ, பத்து வருஷம் முன்னாடி இருந்த பெயர் நின்னாலோ அங்கேயே முட்டும். அதைச் சரி பண்ண நாள் ஆகும், அதனால் இதை முதலில் பாருங்க.

பொதுப் பொறுப்புக் காப்பீட்டின் சர்டிஃபிகேட் ஆஃப் கரன்சி, அதாவது காப்பீடு இப்போ நடப்பில் இருக்குன்னு காட்டும் சான்றிதழ். கிரிக்கெட் கிளப்புகள் பெரும்பாலும் சங்கத்தின் கூட்டுக் காப்பீட்டில் இருக்கும். அந்தச் சான்றிதழில் உங்க கிளப் பெயர் வராமல் சங்கப் பெயர் மட்டும் வரும். கிளப் பெயர் போட்ட பிரதி கேட்டு வாங்குங்க.

குவோட் (விற்பனையாளர் தரும் விலை விவரம்). "டிஃபிப் பேக்கேஜ், மொத்தம் இவ்வளவு"னு ஒரே வரியில் இருந்தா திருப்பி அனுப்பிப் பிரிச்சு வாங்குங்க: கருவி, உதிரி பேட் (ஷாக் கொடுக்க நெஞ்சில் ஒட்டுவது), பெட்டி, அறிவிப்புப் பலகை, பொருத்தும் கூலி, பயிற்சி, சரக்குக் கட்டணம். ஜி.எஸ்.டி. தனியா தெரியணும். லாப நோக்கில்லாத அமைப்புக்கு ஆண்டு வரவு 1,50,000 டாலருக்குக் கீழே இருந்தா ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பதிவில்லாத கிளப் வரியோடு சேர்த்துக் கட்டணும், திரும்பக் கேட்க முடியாது. பட்ஜெட்டில் வரியில்லாத தொகையைப் போட்டுட்டு அப்புறம் பத்து சதவீதம் துண்டு விழுதுன்னு அலையுறவங்க நிறைய.

கிளப் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு. பொருளாளர் சொந்தக் கணக்கு செல்லாது.

எல்லாத்துக்கும் மேல, ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் முன் வாங்கிடாதீங்க. இன்வாய்ஸ் தேதி முந்தினா பெரும்பாலான கிராண்டுகளில் ஒரு காசு வராது.

முதலுதவி_டீச்சர்

சாமி சொன்னது சரி. ஆனா "ஏன் தேவை" என்ற கேள்விக்கு எல்லாரும் ஒரே மாதிரி எழுதுறாங்க: "உயிர் காக்கும் கருவி, சமூகத்துக்குப் பயன்படும்." அதை எந்த கிளப்பும் எழுதலாம். உங்க மைதானத்துக்கு மட்டும் பொருந்துவதை எழுதுங்க, அதுக்கு அளக்கணும்.

நின்னுபோன இதயத்துக்கு சி.பி.ஆரும் (நெஞ்சை அமுக்கிச் செய்யும் முதலுதவி) இல்லாமல் ஷாக்கும் இல்லாமல் போகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். அதனால் போக வர மூணு நிமிடத்துக்குள் கருவி வந்து சேரணும்னு வெச்சுக்கோங்க. பெவிலியனிலிருந்து ரெண்டாவது ஓவலின் கோடி பவுண்டரி 300 மீட்டர்னு எடுத்துக்குவோம். போக வர 600 மீட்டர். செகண்டுக்கு 3 மீட்டர் ஓடினாலே 200 செகண்ட். இதில் சாவி தேடும் நேரம் சேரலை. காலில் கிரிக்கெட் காப்பு கட்டின ஆள் ஓடினா இன்னும் மோசம். ஆக, அந்த ஓரப் பெவிலியன் ரெண்டாவது ஓவலுக்குப் போதாது. ரெண்டு ஓவலுக்கும் நடுவில் ஸ்கோர் ஷெட்டோ கழிப்பறைக் கட்டடமோ இருந்தா அந்தச் சுவர்தான் சரியான இடம்.

விண்ணப்பத்தில் இப்படி எழுதுங்க: "ஆம்புலன்ஸ் சேவையின் பதிவேட்டில் உள்ள மிக அருகிலுள்ள ஏ.ஈ.டி. (டிஃபிப்) இத்தனை மீட்டர் தூரத்தில், இன்ன கடைக்குள் இருக்கிறது; கடை மாலை ஐந்தரைக்கு மூடும்; எங்கள் பயிற்சி எட்டு மணி வரை நடக்கிறது." அதுக்குக் கீழே வாரத்துக்கு எத்தனை பேர், எந்த வயசு, குளிர்காலத்தில் எந்த கிளப், பள்ளிக்கூடம் வருதா என்பது. ஃபுட்டி கிளப்பின் எண்ணிக்கையையும் அவங்க செயலரின் ஆதரவுக் கடிதத்தையும் சேர்த்தா ஒரே கருவி வருஷம் முழுக்கப் பயன்படும்னு காட்டலாம்.

மெல்பேர்ண்_கழகம்

மாடலைப் பற்றிக் கேட்டதுக்கு நான் சொல்லுறன். கருவியின்ர விலையைப் பாக்காதேங்கோ, எட்டு வருசத்துக்கு என்னென்ன மாத்த வேணும் எண்டு எண்ணிப் பாருங்கோ.

பிலிப்ஸ் ஹார்ட்ஸ்டார்ட் எச்.எஸ்.1: பேட் ரண்டு வருசம், பற்றறி நாலு வருசம். எட்டு வருசத்தில பேட் மூண்டு தரம், பற்றறி ஒரு தரம் மாத்த வேணும்.

ஹார்ட்சைன் சமாரிட்டன் 350பி, 360பி, 500பி: பேட்டும் பற்றறியும் ஒரே பெட்டி, பேட்-பாக் எண்டு பெயர். நாலு வருசத்துக்கு ஒரு தரம். அந்த நாலு வருசம் தயாரிச்ச நாளில இருந்து எண்ணுறது. கடைக்காரனின்ர அலுமாரியில ஒரு வருசம் கிடந்தால் உங்களுக்கு மூண்டுதான் மிச்சம். எடுக்கேக்க காலாவதித் திகதியைக் குவோட்டிலேயே எழுதி வாங்குங்கோ.

லைஃப்பாக் சி.ஆர்.2: பேட்டும் பற்றறியும் நாலு வருசம். சோல் ஏ.ஈ.டி. பிளஸ்: ரண்டும் ஐந்து வருசம், பற்றறி எண்டால் சி.ஆர்.123 லித்தியம் பத்து. சோல் அழுத்தத்தின்ர ஆழத்தையும் அளந்து "இன்னும் பலமா அமத்து" எண்டு சொல்லும். சி.பி.ஆர். பழகாத ஆக்கள் கூட உள்ள கழகத்துக்கு அது பெரிய உதவி.

வெளியில மாட்டுறதெண்டால் எச்.எஸ்.1 வேண்டாம். அதின்ர ஐ.பி. அளவு (தூசியும் தண்ணியும் உள்ள போகாமல் தாங்குற அளவு) 21, காத்திருப்பு வெப்பநிலை 10 தொடக்கம் 43 பாகை மட்டும்தான். அது அலுவலகத்துக்கு நல்லது. ஹார்ட்சைன் ஐ.பி.56, சி.ஆர்.2வும் சோல் பிளசும் ஐ.பி.55. இவையளுக்கு 0 தொடக்கம் 50 பாகை.

கவர்_டிரைவ்

50 டிகிரி போதுமா? பென்ரித்தில் 2020 ஜனவரி 4ஆம் தேதி 48.9 டிகிரி போச்சு. வெளிச்சுவரில் இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சா?

மெல்பேர்ண்_கழகம்

நல்ல கேள்வி. 48.9 நிழலில அளந்தது. மேற்குப் பாத்த சுவரில பின்னேர வெயிலில நிக்கிற உலோகப் பெட்டிக்குள்ள அதை விடக் கூடத்தான் ஏறும். சூட்டில பேட்டில உள்ள ஜெல் காய்ஞ்சு போகும், நெஞ்சில ஒட்டாது. ஒட்டாட்டில் கருவி "பேட்டைச் சரிபார்" எண்டு சொல்லிக்கொண்டே நிக்கும், ஷாக் குடுக்காது. பற்றறியும் கெதியில இறங்கும்.

அதால தெற்குப் பாத்த சுவர், மேல கூரை நீட்டம் உள்ள இடம் பாருங்கோ. இங்க வெயில் வடக்கால அடிக்கும் எண்டது ஊரில இருந்து வந்த எங்கட ஆக்களுக்கு லேசில மனசில நிக்காது, வடக்குச் சுவரில கொண்டுபோய் மாட்டிப்போடுவினம். வெள்ளைப் பெட்டி, காத்து ஓட்டம் உள்ளது, வெயில் மறைப்புத் தகடு போட்டது. பெட்டிக்குள்ள உச்ச வெப்பத்தைக் காட்டுற சின்ன வெப்பமானி ஒண்டு வையுங்கோ, கோடையில மாதச் சோதனையோட அதையும் குறியுங்கோ.

கார் டிக்கிக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறதும் இதே பிரச்சினைதான். கோச்சின்ர காருக்குள்ள கருவி எண்டால் கோச் வராத நாளில கருவியும் இல்லை.

லெக்_பை

இவ்வளவு செலவு எதுக்கு? ஆன்லைனில் எண்ணூறு டாலருக்கு வெளிநாட்டுக் கருவி கிடைக்குது. கிராண்டே வேண்டாம், கிளப் பணத்திலேயே முடியும்.

ஸ்மார்ட்டிகிராண்ட்_சாமி

கருவி ஏ.ஆர்.டி.ஜி. (ஆஸ்திரேலியாவில் அனுமதிச்ச மருத்துவப் பொருட்கள்) பட்டியலில் இருக்கான்னு, அதை நடத்தும் அரசு அமைப்பான டி.ஜி.ஏ. இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடுங்க. இல்லைன்னா இங்கே விற்கவே கூடாத பொருள். கிராண்டும் வராது, காப்பீட்டுக்காரர் கேட்டா பதிலும் இருக்காது. அதைவிடப் பெரிய தலைவலி, ரெண்டு வருஷம் கழிச்சு பேட் காலாவதி ஆகும்போது மாத்து பேட் உள்ளூரில் கிடைக்காது. செகண்ட்ஹேண்டும் அப்படித்தான். உற்பத்தி நின்ன மாடலைச் சில ஆபீஸ்கள் "நன்கொடை"ன்னு கிளப் தலையில் கட்டும். வாங்கும் முன் பேட் இன்னும் தயாரிக்கிறாங்களான்னு கேளுங்க.

கிராண்ட் கிடைக்கலைன்னாலும் வேற வழி இருக்கு. கவுன்சில் சமூக கிராண்ட், லீக்ஸ் கிளப் மாதிரி பெரிய கிளப்புகள் வழியா வரும் கிளப்கிராண்ட்ஸ், நடுவண் அரசின் வாலண்டியர் கிராண்ட்ஸ். கடைசியாச் சொன்னது நடந்த சுற்றுகளில் 1,000 முதல் 5,000 டாலர் வரை, தொகுதி எம்.பி. அழைச்சாத்தான் விண்ணப்பிக்க முடியும். எம்.பி. அலுவலகத்துக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்க. ரெண்டு இடத்தில் பணம் வந்தா ரெண்டு பேருக்கும் சொல்லிடணும். ஒரே இன்வாய்ஸை ரெண்டு தரம் காட்டுவது மோசடி.

அடிலெய்ட்_அம்பயர்

இங்க தெற்கு ஆஸ்திரேலியாவில் கதையே வேற. ஏ.ஈ.டி. பொது அணுகல் சட்டம் 2022இல் வந்தாச்சு. அரசுக் கட்டடங்களுக்கு 2025 ஜனவரி 1, மற்றவங்களுக்கு 2026 ஜனவரி 1 கெடு. விளையாட்டு வசதிகளும் அதில் வருது. பொறுப்பு கட்டட உரிமையாளர் மேல. அதனால் கவுன்சில் கட்டடத்தில் விளையாடும் கிளப் முதலில் கவுன்சிலைக் கேட்கணும், அவங்களே மாட்டப்போறாங்களான்னு.

மெல்பேர்ண்_கழகம்

விக்டோரியா அரசு முந்தி நடத்தின விளையாட்டுக் கழக டிஃபிப் திட்டம் காசைக் கையில குடுக்கேல்லை. கருவியையே குடுத்து, அதோட பயிற்சியும் பராமரிப்பும் சேத்துக் குடுத்தது. எனக்கு அந்த முறைதான் பிடிச்சது. காசைக் குடுத்தால் எல்லாக் கழகமும் கருவி வாங்கும், நாலாம் வருசம் பற்றறி வாங்குறதுக்கு ஒருத்தரும் இருக்க மாட்டினம்.

கவர்_டிரைவ்

கவுன்சில் அனுமதி பத்திச் சொல்லுங்க. பெட்டியைப் பூட்டணுமா? தலைவர் திருட்டுக்குப் பயப்படுறார்.

ஸ்மார்ட்டிகிராண்ட்_சாமி

உங்ககிட்ட இருப்பது சீசன் ஹையர்தான்னா (சீசனுக்கு மட்டும் வாடகை) சுவரில் ஓட்டை போட உங்களுக்கு உரிமை கிடையாது. கவுன்சிலின் சொத்துப் பிரிவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்க. கடிதத்தில் நாலு விஷயம் வரணும்: எந்தச் சுவர், யார் பொருத்துவது, கருவி யார் சொத்து, வருஷம் முழுக்க அங்கேயே இருக்கலாமா. கடைசி வரி ரொம்ப முக்கியம். இல்லைன்னா மார்ச் முடிஞ்சதும் கிரிக்கெட் கிளப் கழட்டிட்டுப் போயிடும், ஃபுட்டிக்காரங்க வெறும் பெட்டியைப் பார்த்துட்டு நிப்பாங்க. வெளிச்சமோ சூடாக்கியோ உள்ள பெட்டின்னா மின்சாரம் வேணும், எலக்ட்ரீஷியன் செலவைக் குவோட்டில் சேருங்க. சிட்னிக்குச் சூடாக்கி தேவையில்லை, மின்சாரமே வேண்டாத பெட்டியே போதும்.

இந்தக் கடிதத்துக்குத்தான் வாரக்கணக்கில் ஆகும். கிராண்ட் திறக்கும் முன்னாடியே கேட்டு வையுங்க.

முதலுதவி_டீச்சர்

பூட்டு வேண்டாம். திறந்தா அலறும் அலாரம் வெச்ச பெட்டி போதும். பூட்டு கேட்பவர் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை; ஆள் நடமாட்டமே இல்லாத பூங்காவில், ஏற்கெனவே கண்ணாடி உடையும் இடத்தில், எண் பூட்டு போடலாம். அப்படிப் போட்டா அந்த எண்ணை ஆம்புலன்ஸ் பதிவேட்டில் கொடுத்தே ஆகணும், 000 (அவசர எண்) அழைச்சவருக்குச் சொல்ல. எண்ணை மாத்தினா அங்கேயும் மாத்தணும். சாவிப் பூட்டு மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். கேன்டீன் உள்ளே, பார் உள்ளே, செயலர் அறையில் என்பதும் சாவிப் பூட்டுதான்.

பதிவு செய்யும்போது மைதானத்தின் தெரு முகவரியை மட்டும் போட்டா பெரிய பூங்காவில் ஆள் தேடி அலைவார். "ஓவல் 1க்கும் 2க்கும் இடையே, ஸ்கோர் ஷெட் தெற்குச் சுவர், 24 மணி நேரமும்" என்று எழுதுங்க. கிளப்பின் தபால் முகவரியைப் பதிவு பண்ணி, வரைபடத்தில் செயலர் வீட்டு வாசலில் டிஃபிப் நிற்பதும் நடக்கும். விக்டோரியாவில் இந்தப் பதிவேடுதான் குட்சாம் செயலிக்கும் போகுது. பக்கத்தில் இருக்கும் தன்னார்வலருக்குக் கருவி எங்கேன்னு அதில்தான் காட்டும்.

பலகை: பச்சையில் வெள்ளை இதயம், நடுவில் மின்னல். ஐ.எஸ்.ஓ. 7010, குறி ஈ010. ஒண்ணு பெட்டிக்கு மேலே, இன்னொண்ணு கார் பார்க்கிலிருந்து பார்த்தா தெரியும்படி அம்புக்குறியோடு.

லெக்_பை

ஜூனியருக்குத் தனி பேட் வாங்கணுமா? தப்பா ஷாக் கொடுத்துட்டா கிளப் மேல கேஸ் வருமா?

முதலுதவி_டீச்சர்

8 வயசுக்குக் கீழே, அல்லது 25 கிலோவுக்குக் கீழே குழந்தை பேட். ஹார்ட்சைனுக்கு பீடியாட்ரிக்-பாக் தனியா வாங்கணும். சி.ஆர்.2வில் அதே பேட், ஒரு பட்டன் அழுத்தினா குழந்தை முறை. உங்க ஜூனியர் 9 வயசில் தொடங்குதுன்னா உதிரிப் பணத்தைப் பெரியவங்க பேட்டில் போடுங்க. குழந்தை பேட் இல்லைன்னு ஷாக் கொடுக்காமல் இருக்கக் கூடாது. பெரியவங்க பேட்டையே ஒண்ணு மார்பு நடுவில், ஒண்ணு முதுகில் தோள்பட்டைகளுக்கு இடையில் ஒட்டுங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு தொடக்கூடாது.

கிரிக்கெட்டில் ஜூனியருக்கு இன்னொரு ஆபத்து இருக்கு. பந்து நெஞ்சில் பட்ட கணத்தில் இதயத் துடிப்பு தாறுமாறாகிப் பையன் சரியலாம். கமோஷியோ கார்டிஸ்னு பேர். இதயத்தில் எந்த நோயும் இருக்காது, பந்தும் பெரிய வேகம் இருக்காது. மூச்சு அடைச்சிருக்குன்னு உட்கார வெச்சுத் தண்ணி கொடுத்துட்டு நிப்பாங்க. கூப்பிட்டா பதில் இல்லை, மூச்சு சரியில்லைன்னா உடனே சி.பி.ஆர்., டிஃபிப். விட்டு விட்டு வரும் கேவல் மூச்சு மூச்சே இல்லை. முதல் சில விநாடி வலிப்பு மாதிரி உடம்பு வெட்டலாம், அதைப் பார்த்து வலிப்புன்னு முடிவு பண்ணாதீங்க.

கருவி தானே துடிப்பைப் படிச்சு, தேவைன்னாத்தான் ஷாக் கொடுக்கும். தேவையில்லாதவருக்கு நீங்க பட்டனை அழுத்தினாலும் கொடுக்காது. சட்டத்தில், நியூ சவுத் வேல்ஸ் சிவில் லயபிலிட்டி ஆக்ட் 2002, பிரிவு 57 நல்லெண்ணத்தில் உதவுபவருக்குப் பாதுகாப்பு. விக்டோரியாவில் ராங்ஸ் ஆக்ட் 1958, பிரிவு 31பி. சிட்னிக்காரங்க 58ஆம் பிரிவையும் படிங்க: குடிச்சு நிதானம் இழந்து கவனக்குறைவா செய்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆட்டம் முடிஞ்சு பார் திறந்த பிறகும் ஒரு பயிற்சி பெற்ற ஆள் குடிக்காமல் இருக்கட்டும்.

பெட்டியோடு ஒரு சின்னப் பை: கத்தரி, ரேசர் ரெண்டு, துண்டு, கையுறை, வாய் மறைப்பு. கத்தரி சாதாரணமா இருந்தா ஜெர்சியும் செஸ்ட் கார்ட் பட்டியும் வெட்டாது, ட்ராமா கத்தரி வாங்குங்க. வேர்வையிலும் சன்ஸ்கிரீனிலும் பேட் ஒட்டாது, நெஞ்சைத் துடைச்சிட்டுத்தான் ஒட்டணும். துண்டு அதுக்குத்தான். மழை நாளில் தேங்கின தண்ணியிலிருந்து இழுத்துட்டு ஒட்டுங்க.

பயிற்சிக்கு எச்.எல்.டி.ஏ.ஐ.டி. 009 என்ற சி.பி.ஆர். வகுப்பு போதும், வருஷம் ஒரு தரம் புதுப்பிக்கணும். கோச், கேப்டன், ஸ்கோரர். கேன்டீனில் நிற்கும் அம்மாக்களை விட்டுடாதீங்க, எல்லா ஆட்டத்துக்கும் அங்கே இருப்பது அவங்கதான்.

கவர்_டிரைவ்

நன்றி. கடைசியா, பராமரிப்பும் கணக்கு ஒப்படைப்பும்.

மெல்பேர்ண்_கழகம்

மாதம் ஒருக்கா, பெயர் போட்ட ஒரு ஆள். "கமிட்டி பாக்கும்" எண்டு எழுதினால் ஒருத்தரும் பாக்க மாட்டினம். பச்சை லைட் மினுங்குதோ, பேட் திகதி, பெட்டி அலாரத்தின்ர 9 வோல்ட் பற்றறி, பையில சாமான் குறையுதோ. குறிச்சுக் கையெழுத்து. கருவி தன்னைத்தானே சோதிக்கும்தான். ஆனால் பிழை எண்டு கீச்சிடேக்க கேக்கிறதுக்கு ஆள் வேணுமே. சத்தம் பொறுக்கேலாமல் பற்றறியைக் கழட்டி லாச்சிக்குள்ள வைச்சிட்டுப் போற ஆக்களும் இருக்கினம்.

ஃபுட்டிக் கழகத்தோட ஒரு பக்கத்தில ஒப்பந்தம் எழுதுங்கோ: கருவி ஆற்ற பேரில, ஏப்ரல் தொடக்கம் ஆர் சோதிக்கிறது, மாத்து பேட்டுக்கும் பற்றறிக்கும் பாதிப் பாதி. காசை இப்பவே வருசா வருசம் ஒதுக்குங்கோ. பதிவுக் கட்டணத்தோட ஆளுக்கு ரண்டு டொலர் சேத்தாலே காணும்.

ஸ்மார்ட்டிகிராண்ட்_சாமி

கணக்கு ஒப்படைப்புக்கு: கிளப் பெயரில் டேக்ஸ் இன்வாய்ஸ், பணம் கட்டின வங்கி ஆதாரம், சுவரில் மாட்டின படம், ஆம்புலன்ஸ் பதிவின் உறுதி மின்னஞ்சல், பயிற்சிச் சான்றிதழ். படத்தில் கருவியின் சீரியல் எண் தெரியும்படி ஒண்ணும், தூரத்திலிருந்து பலகை தெரியும்படி ஒண்ணும் எடுங்க. விண்ணப்பத்தில் எழுதின மாடல் கிடைக்காமல் வேற வாங்கினா, வாங்கும் முன் மின்னஞ்சலில் ஒப்புதல் கேளுங்க. ஒப்படைக்காத கிளப் அடுத்த கிராண்டுக்கும் சிக்கிக்கும். விண்ணப்பம் போட்டவர் கமிட்டியை விட்டுப் போனா ஸ்மார்ட்டிகிராண்ட்ஸ் கணக்கும் அவரோடயே போயிடும், அதனால் செயலர் பதவிக்குன்னு உள்ள பொது மின்னஞ்சலில் தொடங்குங்க.

முதலுதவி_டீச்சர்

ஒண்ணு விட்டுப்போச்சு. பயன்படுத்தின பேட் மறுபடி உதவாது. உதிரி செட் பெட்டியிலேயே இருந்தா அன்னைக்கே மாட்டி வெச்சிடலாம். ஹார்ட்சைன்னா பேட்-பாக் முழுசா மாத்தணும், அது விலை கூட. நோயாளியின் துடிப்புப் பதிவு கருவிக்குள்ள இருக்கும், மருத்துவமனை கேட்கலாம், அதனால் விற்பனையாளரிடம் பதிவை இறக்கித் தரச் சொல்லுங்க. அதுக்கு எடுத்துப் போகும்போது மாற்றுக் கருவி இரவல் தருவாங்களான்னு குவோட் வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்க. இரவல் இல்லைன்னா, கருவி திரும்பி வரும்வரை பதிவேட்டில் "சேவையில் இல்லை"ன்னு மாத்தி, பலகையையும் மூடி வையுங்க.

கவர்_டிரைவ்

பென்சிலோடு ஸ்கோர் ஷெட் தெற்குச் சுவரை அளக்கப் போறேன். கவுன்சிலுக்கான கடிதம் இன்னைக்கு ராத்திரி போகுது.